கைபேசி டீசலை மிச்சப்படுத்துமா?

கேள்வி: எங்கள் வீடு தங்கச்சிமடத்தில். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். காலத்துக்கு ஏற்ப நண்டு வலை, சூடை வலை என்று மாற்றி மாற்றித் தொழில் செய்கிறார். நான் கல்லூரியில் படிக்கிறேன். அங்கே நடந்த கருத்தரங்கில், தொலைத்தொடர்புத் தொழில்நுட்பம் எரிபொருளை மிச்சப்படுத்தி உலகின் கார்பனைக் குறைக்கும் என்று பேசினார்கள். வீட்டில் வந்து சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு, "போன் வந்த பெறகுதான் டீசல் கூடப் போகுது. அங்கிட்டு மீன் கெடக்குன்னு ஒருத்தன் போன் போட்டா எல்லாப் படகும் அங்கிட்டுத்தான ஓடுது?" என்றார். அண்ணனோ, "டவருக்கு ராத்திரி பகலா கரண்ட் ஓடுது, அதை யாரு கணக்குல எழுதுறது?" என்கிறான். இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? இன்னொன்று: டீசலைக் குறைத்தால் 'கார்பன் பணம்' வாங்கித் தருவதாக ஒருவர் ஊரில் பேசிவிட்டுப் போயிருக்கிறார். அதை நம்பலாமா?

— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: டீசல் மிச்சமாகும். ஆனால் எந்த வலைக்கு, எந்தக் கடலில், எந்த முடிவை எடுக்கும்போது என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். அப்பா சொன்ன குறை உண்மையானது. அண்ணன் கேட்டதும் நியாயமான கேள்வி. இரண்டுக்கும் இந்தக் கணக்கில் இடம் உண்டு.

படகின் கணக்கு

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.68 கிலோ கரியமில வாயு வெளியேறும். நாட்டுப்படகுகளுக்குத் தமிழக அரசு தரும் வரிவிலக்கு டீசல் ஆண்டுக்கு 4,400 லிட்டர். விசைப்படகுகளுக்கு 19,000 லிட்டர். இரண்டும் 2023-இல் உயர்த்தி அறிவிக்கப்பட்ட அளவுகள். இந்த ஒதுக்கீட்டை மட்டும் எரித்தாலே ஒரு நாட்டுப்படகு சுமார் 12 டன்னும், ஒரு விசைப்படகு சுமார் 51 டன்னும் கரியமில வாயு விடுகின்றன.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2013-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். இந்தியக் கடல்களில் ஒரு டன் மீன் பிடிக்க 1961-இல் அரை டன் கரியமில வாயு வெளியானது. 2010-இல் அது 1.02 டன் ஆகிவிட்டது. இழுவலைப் படகுகளுக்கு 1.43 டன். இயந்திரம் பொருத்திய சிறு படகுகளுக்கு 0.59 டன். டீசலாக மாற்றிச் சொன்னால், இழுவலையில் ஒரு கிலோ மீனுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல். சிறு படகில் ஏறத்தாழ 220 மில்லி. இந்த 220 மில்லியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேண்டியிருக்கும்.

இனி அப்பாவின் படகு. 20 குதிரைத்திறன் எஞ்சின், மணிக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக 2 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம், மீனைத் தேடி அலைய ஒன்றரை மணி நேரம். மொத்தம் 22 லிட்டர். அதில் தேடலுக்கு 6 லிட்டர். உங்கள் படகின் எண்கள் வேறாக இருக்கலாம். அவற்றைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

தேடலைக் குறைக்கும் சேதி

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்கோயிஸ், மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களை அறிவிக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரில் உள்ள பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் ஓரங்களில் சத்துகள் சேரும், நுண்பாசி பெருகும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், சிறுமீனைத் துரத்திப் பெருமீன் வரும். எந்த இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எவ்வளவு ஆழத்தில் அந்த இடம் இருக்கிறது என்று தமிழிலேயே சொல்வார்கள். மேகம் மூடிய நாட்களிலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்திலும் இந்த அறிவிப்பு வராது.

இதனால் தேடும் நேரம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைவதாக இன்கோயிஸ் சொல்கிறது. கருத்தரங்குகளில் இந்த எண்ணைத்தான் திரையில் காட்டுவார்கள். ஆனால் குறைவது தேடும் நேரம் மட்டுமே. மேலே போட்ட கணக்கில் தேடல் பாதியானால் மிச்சம் 3 லிட்டர், மொத்த டீசலில் சுமார் 14 சதவீதம். ஆண்டுக்கு 150 முறை கடலுக்குப் போனால் 450 லிட்டர், கரியமில வாயுவில் 1.2 டன். நல்ல மிச்சம்தான், 70 சதவீதம் அல்ல.

அதுவும் எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. உங்கள் ஊருக்கு வடகடலும் உண்டு, தென்கடலும் உண்டு. வடகடலான பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்தது, கலங்கல் மிகுந்தது. கிளறி எழும் சேறும் தரையிலிருந்து திரும்பும் வெளிச்சமும் பச்சையத்தை அளக்கும் செயற்கைக்கோளைக் குழப்பும். நண்டும் இறாலும் தரையோடு வாழ்பவை. மேல்நீரின் வெப்பத்தை வைத்து அவற்றின் இருப்பைச் சொல்ல முடியாது. தென்கடலில், மன்னார் வளைகுடாவின் ஆழமான பகுதியில், சூடை, கானாங்கெளுத்தி, சீலா, சூரை போன்று கூட்டமாக மேல்நீரில் திரியும் மீன்களுக்குத்தான் இந்த அறிவிப்பு கைகொடுக்கும். ஆகவே அப்பா சூடை வலை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும் காலத்தில் பாருங்கள். வடக்கே நண்டு வலைக்குப் போகும்போது இதைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நண்டு வலைக்கு உதவுவது ஜி.பி.எஸ். இன்று வலையை இறக்கிவிட்டு நாளை எடுக்கப் போகிறீர்கள். நீரோட்டத்தில் மிதவை நகர்ந்திருக்கும், மூடுபனி இருக்கும். வலை விட்ட புள்ளியைப் பதிந்து வைத்தவர் நேராக அங்கே போவார், பதியாதவர் சுற்றுவார். வலை தொலையாமல் இருப்பது இன்னொரு லாபம். தொலைந்த வலை கடலடியில் கிடந்து ஆண்டுக்கணக்கில் நண்டையும் மீனையும் கொன்றுகொண்டே இருக்கும்.

ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள். நீரைக் கிழித்துப் போகும் படகுக்கு வேகம் கூடக் கூட, வேண்டிய திறன் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், சற்று நேரம் கூடினாலும், அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டீசல் குறையும். மீன் அறிவிப்பு தரும் 3 லிட்டருக்கு இது ஈடாகும். இதற்கு இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

போகாமல் இருக்கும் நாள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம், கிளம்பாமல் இருந்த நாளில் கிடைப்பது. 2 மணி நேரம் ஓடிப் போய், காற்றைப் பார்த்துவிட்டு வலை விரிக்காமலே திரும்பினால் 16 லிட்டர் வீண். மீன் அறிவிப்பை நம்பி 5 முறை கடலுக்குப் போய் மிச்சம் பிடித்தது அந்த ஒரே நாளில் போய்விடும்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதும் தொலைத்தொடர்புதான். கூண்டு புயலைச் சொல்லும். நாளைக் காலை வாடைக்காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும், அலை எத்தனை மீட்டர் எழும் என்று சொல்லாது. அந்தச் சேதியைக் கரையோர ஊர்களுக்குக் கொண்டுவந்த முயற்சி தொண்ணூறுகளின் கடைசியில் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பிறகு அதே நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து செயற்கைக்கோள் இணைப்போடு கிராம வள மையங்களை அமைத்தன. 2004 அக்டோபர் 18 அன்று பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்த முதல் மூன்று மையங்களில் ஒன்று உங்கள் தங்கச்சிமடத்தில் அமைந்தது. மற்ற இரண்டும் திருவையாறும் செம்பட்டியும். கருத்தரங்கில் பேசியவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது அந்தச் சேதி உங்கள் கைபேசிக்கே வருகிறது. சுவாமிநாதன் நிறுவனமும் குவால்காமும் சேர்ந்து உருவாக்கிய 'ஃபிஷர் பிரண்ட்' செயலியில் காற்று, அலை, மீன் இருக்கும் இடம், கடல் எல்லை எச்சரிக்கை எல்லாம் தமிழில் உண்டு. ஆனால் கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் கைபேசிச் சிக்னல் கிடைக்காது. அதனால்தான் கிளம்பும் முன் பார்ப்பது முக்கியம். அதற்கப்பாலும் சேதி வேண்டும் என்றால் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகப் பெறும் கருவிகள் உள்ளன. 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்தவர்களை எச்சரிக்கை எட்டாமல் போனதற்குப் பிறகு இவற்றின் தேவை எல்லாருக்கும் புரிந்தது. 2019-இல் வந்த 'ஜெமினி' கருவி அப்படிப்பட்டது.

பாம்பனில் 2016 முதல் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம். சமுதாய வானொலியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சமுதாய வானொலிகளுக்கு அனுமதிக்கப்படும் ஒலிபரப்புத் திறன் 100 வாட் அளவுதான். அந்தச் சிறு மின்சாரத்தில் ஒருவர் ஒருமுறை சொல்லும் சேதியை எத்தனை படகுகள் கேட்டாலும் கூடுதலாக ஒரு வாட் செலவாகாது. காற்று, அலை பற்றிய சேதிக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

கரைக்கு வரும் முன் ஒரு அழைப்பு

பிடித்த மீனை விற்க முடியாமல் கொட்டினால், அதைப் பிடிக்க எரித்த டீசலும் அதோடு போயிற்று. கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைபேசி பரவியபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் ஆய்வாளர் அளந்து 2007-இல் எழுதினார். அதற்கு முன் ஒரு துறையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரி திரும்புவார். பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் இப்படி வீணானது. கடலிலிருந்தே போன் போட்டு எங்கே விலை இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியதும் அந்த வீண் ஏறத்தாழ ஒழிந்தது. மீனவரின் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று அருகருகே துறைகள் உள்ள உங்கள் பகுதியிலும் இது பயன்படும். மீன் வருகிறது என்று முன்கூட்டிச் சொன்னால் ஐஸும் வண்டியும் காத்திருக்கும்.

அண்ணன் கேட்ட டவர் கணக்கு

முதலில் கைபேசி. ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 25 வாட் மணி. ஒரு யூனிட் மின்சாரத்தில் 40 முறை ஏற்றலாம். தினம் ஏற்றினாலும் ஆண்டுக்கு 9 யூனிட். இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பதால் மொத்தம் 6, 7 கிலோ. இரண்டரை லிட்டர் டீசலுக்குச் சமம். அப்பாவின் எஞ்சின் 40 நிமிடத்தில் குடித்துவிடும் அளவு. கைபேசியைத் தயாரிப்பதில்தான் அதிகக் கார்பன்: பொதுவாக 50 முதல் 70 கிலோ. அதனால் ஆண்டுக்கொரு போன் மாற்றாமல் இருப்பதே கைபேசியில் செய்யக்கூடிய பெரிய சிக்கனம்.

டவர் தெருவிளக்கு மாதிரி. நடக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எரியும். ஒரு டவருக்கு 3 கிலோவாட் என்று வைத்தால் ஆண்டுக்கு 26,000 யூனிட், சுமார் 18 டன் கரியமில வாயு. மேலே சொன்ன விசைப்படகின் ஒதுக்கீட்டு டீசல் தருவதில் மூன்றில் ஒரு பங்கு. அதை அந்த டவரைப் பயன்படுத்தும் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கிறார்கள். அண்ணன் கவலைப்பட வேண்டியது கரண்டுக்கு அல்ல, கரண்ட் இல்லாத நேரத்து ஜெனரேட்டருக்கு. 2011-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரை வெளியிட்டபோது, நாட்டின் டவர்கள் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி லிட்டர் டீசல் எரித்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு மத்திய அரசு, 2015-க்குள் கிராமப்புற டவர்களில் பாதியையும் 2020-க்குள் முக்கால் பங்கையும் சூரிய ஒளி, காற்று போன்றவற்றோடு சேர்ந்து இயங்கும் கலப்பு மின்சாரத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலும் காற்றும் குறையாத ராமேசுவரம் தீவில் டீசலில் ஓடும் டவருக்குச் சாக்கு சொல்ல இடமில்லை. உங்கள் ஊர் டவரடியில் நிற்பது பேட்டரியா, சோலார் தகடா, புகைவிடும் ஜெனரேட்டரா என்று அண்ணனைப் பார்த்துவரச் சொல்லுங்கள். கிராமசபையில் எழுப்பத் தகுந்த கேள்வி அது.

கைபேசியால் பயணம் மிச்சமாகும் என்ற கணக்கிலும் இதே நிதானம் வேண்டும். கிராம வள மையம் வந்த காலத்தில் மருத்துவரைக் காணொலியில் பார்ப்பது புதுமை. இன்று அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தே பார்க்கலாம். ராமநாதபுரம் போய்வர 90 கிலோமீட்டருக்கு வாடகைக் கார் எடுக்கவிருந்தால், அந்தப் பெட்ரோல் உண்மையில் மிச்சம். பஸ்ஸில் போகவிருந்தால் நீங்கள் ஏறாவிட்டாலும் பஸ் ஓடும். நேரமும் அலைச்சலும் மிச்சமாகும், கார்பன் பெரிதாகக் குறையாது.

அப்பா சொன்னதுதான் சிக்கல்

2008-இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்றும் 'கிளைமேட் குரூப்' அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகக் கார்பனில் தங்கள் துறையின் பங்கு 2 சதவீதம்தான், ஆனால் 2020-க்குள் மற்ற துறைகளில் 15 சதவீதத்தைக் குறைக்க உதவ முடியும் என்றது அது. 2020 வந்து போய்விட்டது. 2008-இல் இருந்ததைவிட இன்று உலகின் கார்பன் வெளியீடு கூடுதல்.

காரணம் உங்கள் அப்பா சொன்னதில் இருக்கிறது. 1865-இலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதை எழுதினார்: நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் நீராவி எஞ்சின் வந்ததும் நிலக்கரிச் செலவு குறையவில்லை, ஏறியது, மலிவானதும் எல்லாரும் எஞ்சின் வாங்கினார்கள். கடலிலும் அப்படியே. 3 லிட்டர் மிச்சமானால் அந்த 3 லிட்டரில் இன்னும் தூரம் போகத் தோன்றும். ஓர் இடத்தில் மீன் என்றதும் எல்லாப் படகும் அங்கே திரண்டால், கடைசியில் வந்தவருக்கு டீசல் போனதுதான் மிச்சம். 1961-க்கும் 2010-க்கும் இடையில் மீன் தேடும் கருவிகள் எத்தனையோ வந்தன. ஒரு டன் மீனுக்கான கார்பன் இரண்டு மடங்காயிற்று. கருவிகள் மட்டுமே அதற்குக் காரணம் அல்ல. பெரிய எஞ்சின், தூரப் பயணம், மீன் வளம் குறைந்தது எல்லாம் சேர்ந்தது. ஆனால் கருவிகளால் அதைத் தடுக்க முடியவில்லை.

தடுப்பது கட்டுப்பாடு. பாக் நீரிணையில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள் என்று வகுத்த ஏற்பாடும் ஆண்டுக்கு 61 நாள் தடைக்காலமும் எந்தச் செயலியும் செய்யாத வேலையைச் செய்கின்றன. அறிவிப்பு வந்த இடத்துக்கு இன்று எந்தப் படகுகள், நாளை எந்தப் படகுகள் என்று உங்கள் சங்கமே முறை வைத்துக்கொண்டால், கைபேசி தரும் மிச்சம் கையில் நிற்கும்.

கார்பன் பணம்

2023-இல் மத்திய அரசு கார்பன் வரவு வணிகத் திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதனால் பேச்சு முழுக்கப் பொய் அல்ல. ஆனால் ஒரு நாட்டுப்படகு ஆண்டுக்குக் குறைப்பது ஒரு டன் அளவு. அதை அளந்து, சான்று பெற்று, விற்க ஆகும் செலவு அந்த ஒரு டன்னின் விலையைவிட அதிகமாக இருக்கும். நூற்றுக்கணக்கான படகுகள் சங்கமாகச் சேர்ந்து, பல ஆண்டு டீசல் பதிவோடு போனால்தான் பேச்சுக்கே இடம். முன்பணம் கேட்பவரிடமும், படகுப் பதிவுச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல் கேட்பவரிடமும் எதையும் கொடுக்காதீர்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்தக் கடல், எந்த வலை, ஊற்றிய டீசல், கிடைத்த மீனின் எடை, கிளம்பும் முன் எந்தச் சேதி பார்த்தீர்கள் என்று ஒரு பருவம் முழுக்க எழுதுங்கள். டீசலை மீனின் எடையால் வகுத்தால், ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லி என்று வரும். நாட்டின் சிறு படகுகளின் சராசரியான 220 மில்லியோடு ஒப்பிடுங்கள். சேதி பார்த்துப் போன நாட்களில் அந்த எண் குறைந்திருந்தால் கருத்தரங்கில் சொன்னது உங்கள் படகுக்குப் பொருந்தும். குறையவில்லை என்றால் அப்பா சொன்னதே சரி. அந்த நோட்டைச் சங்கத்துக்கு எடுத்துப் போய், முறை வைப்பது பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள்.